செயினை வெட்டுவதா, பல்லை மாற்றுவதா? (450 ஸ்னோ பைக் கிட்)

கால்கரிப்பையன்:
450 சி.சி. மோட்டோகிராஸ் வண்டியில் ஸ்னோ பைக் கிட் (முன்சக்கரத்துக்குப் பதில் ஸ்கி, பின்சக்கரத்துக்குப் பதில் 129 இன்ச் டிராக்) மாட்டிக்கொண்டிருக்கிறேன். கிட் பழையது, முன்பு வேறு கம்பெனி வண்டியில் இருந்தது. அதை என் வண்டியில் பொருத்தும் பாகங்களான ஃபிட் கிட் மட்டும் புதிதாக வாங்கினேன். பின்சக்கரம், ஸ்விங் ஆர்ம், ஷாக் எல்லாம் கழற்றியாயிற்று. சிக்கல், இன்ஜினிலிருந்து கிட்டின் ஜாக்ஷாஃப்டுக்கு (டிராக்குக்கு விசையைக் கடத்தும் இடை அச்சு) போகும் முதல் செயினில். 520 செயின், முன்னால் 13 பல், ஜாக்ஷாஃப்டில் 15.

ஜாக்ஷாஃப்டை முன்னும் பின்னும் நகர்த்தும் அட்ஜஸ்டர் மொத்தமே 8 மி.மீ. தான் நகரும். இப்போதுள்ள நீளத்தில் அதைக் கடைசிவரை பின்னால் தள்ளியும் செயின் லூஸ். இன்னும் 5 மி.மீ. வேண்டும். இரண்டு லிங்க் எடுத்தால் அட்ஜஸ்டரை முழுக்க முன்னால் கொண்டுவந்தும் 3 மி.மீ. எட்டவில்லை. ஒரே ஒரு லிங்க் மட்டும் குறைக்க உதவும் ஹாஃப் லிங்க் ஒன்று போட்டு முடித்துவிடலாமா? ஓட்டப்போவது கனடாவின் ரெவல்ஸ்டோக் மலைப்பக்கம், ஆழமான பனியில்.

மலைத்தடம்:
தம்பி, ஹாஃப் லிங்க் வேண்டவே வேண்டாம். அதன் பக்கத் தகடு வளைந்தது. சாதாரண லிங்கில் இழுவிசை நேர்க்கோட்டில் போகும். இதில் ஒவ்வொரு இழுப்புக்கும் அந்த வளைவு நிமிரப் பார்க்கும். டிராக் பனியில் கடித்துப் பிடிக்கும்போது 450 இன்ஜின் தரும் அடியை வாங்க அது செய்யப்பட்டதல்ல. செயின் அறுந்து சுருண்டால் இன்ஜின் கேஸை உடைக்கும். மலைக்கு மேல் அது நடந்தால் இறங்கி வர வழியில்லை.

என் யோசனை, ஜாக்ஷாஃப்டில் 15க்குப் பதில் 16 போடுங்கள். லூஸும் குறையும், பிக்கப்பும் கூடும். ரெவல்ஸ்டோக் ஊர் தாழ்வாக இருந்தாலும் நீங்கள் ஓட்டும் இடம் 2000 மீட்டரைத் தொடும். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜினில் பவரும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இறங்கும். கியரிங் தாழ்வாக இருந்தால்தான் ஏறும்.

பல்சக்கரம்:
ஹாஃப் லிங்க் பற்றி மலைத்தடம் அண்ணா சொன்னது சரி. மற்றதை ஏற்க மாட்டேன். ஆழமான பனியில் வண்டி மேலே மிதப்பது டிராக் வேகத்தால். டிராக் மெதுவாகச் சுற்றினால் எவ்வளவு இழுவை இருந்தாலும் அது தனக்கே குழி தோண்டிக்கொண்டு உட்காரும்.

கணக்கைப் பாருங்கள். டிராக்கை ஓட்டும் பல்சக்கரத்தில் 8 பல், டிராக் பிட்ச் (ஒரு பல்லுக்கு நகரும் தூரம்) 3 இன்ச் என்றால் ஒரு சுற்றுக்கு 61 செ.மீ. நகரும். பிரைமரி (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள விகிதம்) 2.65, மூன்றாவது கியர் 1.28, ஜாக்ஷாஃப்டிலிருந்து டிராக்குக்குப் போகும் செயின் கேஸ் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், 9000 ஆர்பிஎம்மில் 13/15க்கு டிராக் வேகம் மணிக்கு 84 கி.மீ. வருகிறது. 14/15 போட்டால் 91. அண்ணா சொல்லும் 13/16இல் 79தான். பல 450 வண்டிகளில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது ஆர்பிஎம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் இறங்கும். முன்னால் ஒரு பல் என்பது 7.7 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட அரை கியர். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கக் கூடாது.

அப்புறம் உயரக் கணக்கில் குளிரை விட்டுவிட்டீர்கள். மைனஸ் 15இல் காற்று இறுகியிருக்கும்; நீங்கள் கழித்த 18இல் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே திரும்பி வந்துவிடும். முன்னால் 14 போடுங்கள். செயின் வளைவும் குறையும், ஆயுளும் கூடும்.

மலைத்தடம்:
91 கி.மீ. என்பது இன்ஜின் அந்த ஆர்பிஎம்மைப் பிடித்து நிற்க முடிந்தால்தான். மரங்களுக்கு நடுவே, சரிவில், இடுப்பளவு பனியில் மூன்றாவது கியரில் 9000 நிற்காது. இறங்கும், கிளட்சைப் பிடிப்பீர்கள், பிளேட் வேகும். 2017இல் அமெரிக்காவின் ஆஸ்பெனில், எக்ஸ் கேம்ஸ் போட்டிகளில் ஸ்னோ பைக் கிராஸ் பந்தயம் முதன்முறை நடந்தது. அங்கே தடம் இறுக்கித் தட்டியது, தாவல்களும் வளைவுகளும் கட்டி வைத்தவை. அப்படிப்பட்ட இடத்துக்கு உங்கள் 14 சரி. தம்பி போவது காட்டுக்குள்.

பல்சக்கரம்:
மரங்களுக்கு நடுவே இரண்டாவது கியரில் போகலாமே. 13/16இல் இரண்டாவது கியர் உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கும், மூன்றாவது போட்டால் மூச்சு வாங்கும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

வெண்பனி:
இருவரும் வேகத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். பையன் கேட்டது செயின் நீளம். அதை முதலில் முடிப்போம்.

520 செயினின் பிட்ச் (பின்னுக்குப் பின் தூரம்) 15.875 மி.மீ. இரண்டு லிங்க் எடுத்தால் இரண்டு அச்சுக்கும் உள்ள தூரம் 15.9 மி.மீ. குறைய வேண்டும். ஒரு பல் கூட்டினால், முன்னாலோ பின்னாலோ எங்கே கூட்டினாலும், தூரம் ஏறக்குறைய 4 மி.மீ. குறையும். அவருக்கு வேண்டியது 5 மி.மீ. ஆகவே 16 மட்டும் போட்டாலும் 1 மி.மீ. லூஸ், 14 மட்டும் போட்டாலும் 1 மி.மீ. லூஸ். நீங்கள் இருவரும் சொன்னது எதுவுமே பொருந்தாது! 14/16 என்று இரண்டையும் மாற்றினால் 8 மி.மீ. கிடைக்கும், விகிதம் 1.154இலிருந்து 1.143, அதாவது ஒரே சதவீதம்தான் மாறும். அட்ஜஸ்டரில் 3 மி.மீ. மிச்சம்.

ஆனால் அதையும் நான் கடைசியாகத்தான் செய்வேன். செயின் இப்படி இரண்டு பக்கமும் பொருந்தாமல் போவதே எனக்குச் சந்தேகம் தருகிறது. டிம்பர்ஸ்லெட் போன்ற கிட் கம்பெனிகள் கிட்டைத் தனியாகவும் ஃபிட் கிட்டைத் தனியாகவும் விற்றுவந்ததே வண்டிக்கு வண்டி இந்த அளவுகள் மாறுவதால்தான். ஷாக் இருந்த இடத்தில் மாட்டியிருக்கிறீர்களே ஸ்ட்ரட் கம்பி, அது பழைய வண்டிக்கு வைத்த நீளத்திலேயே இருக்கிறதா? முன் ஸ்ப்ராக்கெட்டும் ஸ்விங் ஆர்ம் போல்ட்டும் ஒரே இடத்தில் இல்லை. ஸ்ட்ரட்டின் நீளம் மாறினால் கிட் முழுவதும் அந்த போல்ட்டைச் சுற்றித் திரும்பும், கூடவே ஜாக்ஷாஃப்ட் தூரமும் மாறும். சில மி.மீ. தான். உங்களுக்குத் தேவையும் 3 மி.மீ. தானே.

மலைத்தடம்:
ஸ்ட்ரட் என்பது டிராக் தரையில் உட்காரும் கோணத்துக்கானது. செயின் பொருந்த வேண்டும் என்பதற்காக அதைத் திருகினால் ஸ்கி லேசாகிவிடும், வண்டி திரும்பாது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

வெண்பனி:
செயினுக்காகத் திருகச் சொல்லவில்லை. கிட்டோடு வந்த புத்தகத்தில் அவர் வண்டிக்குப் போட்டிருக்கும் அளவுக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். அதன்பின் செயின் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கம்பிக்குப் பதில் ஷாக் உள்ள ஸ்ட்ரட் என்றால் அதையும் சொல்லுங்கள் தம்பி. அதில் ஓடும்போதே கிட் அசையும், தூரம் மாறிக்கொண்டே இருக்கும், லூஸ் அதிகம் விட வேண்டும்.

கால்கரிப்பையன்:
வெறும் கம்பிதான். அளந்து பார்த்தேன், புத்தகத்தில் உள்ளதைவிட 25 மி.மீ. நீளமாக இருந்தது. சரியான அளவுக்குக் கொண்டுவந்ததும் ஜாக்ஷாஃப்ட் 4 மி.மீ. முன்னால் வந்துவிட்டது. இப்போது இரண்டு லிங்க் எடுத்த செயின் சேர்கிறது. அட்ஜஸ்டர் முன்கோடியிலிருந்து 1 மி.மீ. தான் தள்ளி நிற்கிறது. இது சரியா?

வெண்பனி:
மிகச் சரி. புதுச் செயின் முன்கோடியில்தான் தொடங்க வேண்டும், தேயத் தேயப் பின்னால் நகர்த்த உங்களுக்கு 7 மி.மீ. இருக்கிறது. முதலில் சொன்ன 14/16 வழியில் 3தான் மிஞ்சியிருக்கும்.

நீளமான ஸ்கேல் ஒன்றை ஜாக்ஷாஃப்ட் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் ஒட்டிவைத்து, முன் ஸ்ப்ராக்கெட்டில் இடைவெளியில்லாமல் படிகிறதா என்று பாருங்கள். பழைய கிட்டில் ஸ்பேசர் பக்கம் மாறிப் போயிருக்கும். பிறகு டிராக்கைத் தரையிலிருந்து தூக்கி, நியூட்ரலில் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். செயின் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். இறுகும் இடத்தில் வைத்துத்தான் லூஸ் பார்க்க வேண்டும். தளரும் இடத்தில் வைத்து இறுக்கினால் அடுத்த அரைச் சுற்றில் பேரிங் அடி வாங்கும்.

பல்சக்கரம்:
ரிவெட் அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம். இந்த நிலையில் 14/15 இனி உள்ளே வராது. குட்டைச் செயினில் அட்ஜஸ்டர் 3 மி.மீ. எட்டாது, நீளச் செயினில் 5 மி.மீ. லூஸ். 14/14 மட்டும் நுழையும், ஆனால் அது 15 சதவீதம் வேகம் கூட்டும். அதை நானே சிபாரிசு செய்ய மாட்டேன். ஆகவே கியரிங்கை இந்தச் செயினில் தொடாதீர்கள். ஜாக்ஷாஃப்டிலிருந்து டிராக் அச்சுக்குப் போகும் இரண்டாவது செயினில் மாற்றுங்கள். அதற்குத் தனி டென்ஷனர் இருக்குமே. உங்கள் கிட்டுக்கு அங்கே வேறு பல் எண்ணில் ஸ்ப்ராக்கெட் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

மலைத்தடம்:
இதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். மோட்டோகிராஸ் வண்டியில் 13/50 போட்டால் 3.85 மடங்கு குறைக்கிறது. பின் டயரின் சுற்றளவு 2.1 மீட்டர், இங்கே 61 செ.மீ. அதே வேகத்துக்கு இங்கே தேவை 1.12தான். உங்கள் 1.154 அதற்குச் சற்றுக் கீழே, நல்ல இடத்தில்தான் இருக்கிறது. அப்படியே ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவது செயினைத் தொடுங்கள். ஸ்ப்ராக்கெட்டை இப்போதே வாங்கிக் குவிக்காதீர்கள்.

பல்சக்கரம்:
ஓட்டும்போது எந்தக் கியரில் எத்தனை ஆர்பிஎம் நிற்கிறது என்று கவனியுங்கள். மூன்றாவது கியர் பாதி த்ராட்டிலில் ஏறுகிறது என்றால் ஒரு பல் கூட்டச் சொல்வேன். அண்ணா மறுப்பார், பரவாயில்லை.

கால்கரிப்பையன்:
சரி. 13/15 அப்படியே, குட்டைச் செயின். கிளிப் லிங்க் போடவா, ரிவெட்டா?

வெண்பனி:
ரிவெட். பனி கட்டியாகி கார்டுக்குள் உரசும்போது கிளிப்பைத் தட்டிவிடும். வழியில் அவசரத்துக்குப் பையில் ஒரு கிளிப் லிங்க் வைத்துக்கொள்ளுங்கள். போட நேர்ந்தால் அதன் மூடிய முனை செயின் போகும் திசையைப் பார்க்க வேண்டும். லிங்கோடு கட்டரும் ஒரு பிளையரும் எடுத்துப் போங்கள், வெறும் கையால் அந்தக் குளிரில் பின்னைத் தள்ள முடியாது.