புதுப்பிப்பு: நீண்ட ஓட்டத்துக்குத் தண்ணீர் சுமப்பது, எனக்குச் சரிப்பட்ட வழி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் 30 கி.மீ. ஓடும்போது இடுப்புப் பெல்ட்டில் பாட்டில் குலுங்குகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சரிப்பட்டது, மார்புப் பக்கம் இரண்டு 500 மி.லி. சாஃப்ட் ஃபிளாஸ்க் (மெத்தென்ற, சுருங்கும் பாட்டில்) செருகும் வெஸ்ட் (ஓடும்போது சட்டைமேல் போடும் கையில்லா மேலாடை). குடிக்கக் குடிக்க ஃபிளாஸ்க் சுருங்கிவிடும். நிரப்பியதும் மிச்சக் காற்றைப் பிழிந்து வெளியேற்றினால் குலுக்கலும் இல்லை, சத்தமும் இல்லை. 1 லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைக்கும் உப்பு-குளுக்கோஸ் பொடி) பொட்டலம் ஒன்று இரண்டுக்கும் கணக்காகப் போதும்.

ஆனால் அது உப்புக்குத்தான். உலக சுகாதார நிறுவன அளவுப்படி 1 லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே. நீண்ட ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. அதற்கு, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் என்று ஒருவர் சொன்ன யோசனைதான் அருமை. கடலைமிட்டாயை ஓடிக்கொண்டே மெல்ல முடியவில்லை, வாய் வறண்டுவிடுகிறது.

எதிர்பாராதது: வியர்வை உப்போடு வெஸ்ட் பட்டை உரசி, கழுத்தெலும்புப் பக்கம் தோல் புண்ணானது. ஓடுமுன் வாசலின் தடவ ஆரம்பித்த பிறகு தொல்லையில்லை. ஃபிளாஸ்க்கின் உறிஞ்சும் வாயை அன்றன்றே கழுவிக் காயவையுங்கள்; சர்க்கரைத் தண்ணீர், சீக்கிரமே வாடை பிடித்துவிடும்.