முறையான புகார் கொடுக்காமல் ஆய்வகப் பிரிவை மாற்றக் கேட்க முடியுமா?

என் விடுதி அறைத்தோழிக்கு 9 நாள் முன்பு பாலியல் வன்கொடுமை நடந்தது. செய்தவன் எங்கள் வகுப்பு மாணவன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், கல்லூரி எதையும் கேட்காதீர்கள்.

மறுநாளே மருத்துவமனைக்குப் போய்விட்டோம். அவசரக் கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டாள். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும், குமட்டல் பாடாய்ப் படுத்துகிறது. தடயங்களும் எடுத்தார்கள். அன்று போட்டிருந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்திருக்கிறோம், பிளாஸ்டிக் என்றால் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். அவன் அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்கவில்லை.

சிக்கல் கல்லூரியில்தான். ஆலோசகரிடம் போனோம். "நீ சொல்வதை நான் மேலே தெரிவித்தாக வேண்டும்" என்றார். முன்கூட்டியே சொன்னது நியாயம்தான், ஆனால் அவள் பேசாமல் எழுந்து வந்துவிட்டாள். அப்புறம் துறைத்தலைவரிடம் யார் என்று சொல்லாமல் விசாரித்தேன். எழுத்தில் புகார் வந்தால்தான் ஏதாவது செய்ய முடியும் என்கிறார்.

போலீஸுக்குப் போவதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அது அவள் முடிவு, நான் அவசரப்படுத்த மாட்டேன். ஆனால் ஆய்வகத்தில் அவன் அடுத்த மேசை. இந்த வாரம் இரண்டு முறை பாதியில் வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். 3 வாரத்தில் தேர்வு.

முறையான புகார் இல்லாமலே ஆய்வகப் பிரிவையும் தேர்வு அறையையும் மாற்றி வாங்கியவர்கள், கல்லூரியில் யாரிடம், என்ன சொல்லிக் கேட்டீர்கள்?