புதுப்பிப்பு: நாடகமும் வணிகமும் சேர்த்துப் படிப்பது

நாடகம், வணிகவியல் இரண்டையும் ஒன்றாகப் படிக்கலாமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. தருமபுரியிலேயே பி.காம் சேர்ந்துவிட்டேன்.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதித்தது உண்மைதான். ஆனால் இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக் கூடாது. எனக்கு அது ஒத்துவரவில்லை. கைகொடுத்தது பாலக்கோட்டு அண்ணன் சொன்ன வழி: டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கு எந்தப் பட்டமும் போதும், மேடை அனுபவம்தான் முக்கியம். சரி என்று தெருக்கூத்து ஜமா (கூத்துக் குழு) ஒன்றில் சேர்ந்தேன்.

எதிர்பாராத சிக்கல், மகாபாரதக் கதையை ஆடும் பாரதக் கூத்து சூடுபிடிக்கும் சித்திரையில்தான் செமஸ்டர் தேர்வும். விடிய விடிய ஆடிவிட்டு அக்கவுண்டன்சி பேப்பர் எழுத முடியாது. ஜமாவை நடத்தும் கூத்து வாத்தியாரிடம் சொன்னேன். "பரீட்சைய முடி, அதுவரைக்கும் ஜமா அட்வான்ஸ் கணக்க நீ பாரு" என்றார். அப்பாவுக்கு அதில்தான் ஏக சந்தோஷம்.