சிமுலேஷன் கேம்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

ச., சென்னை:

அனைவருக்கும் வணக்கம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான ஒரு இதழுக்காக, நிஜத்தில் நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்க்கிற சிமுலேஷன் விளையாட்டுகளின் வரலாற்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, கட்டுரை முழுக்க வருகிற சிமுலேஷன் என்ற இந்த ஒரு சொல்தான் நிற்கிறது.

சிக்கல் என்னவென்றால் அதன் வீச்சு. கட்டுரை 1964இல் தொடங்குகிறது. நியூயார்க் மாநிலத்தில் மேபெல் ஆடிஸ் என்ற பள்ளி ஆசிரியை, ஐபிஎம் நிரலாளர் ஒருவரோடு சேர்ந்து சுமேரிய விளையாட்டு என்று ஒன்றை உருவாக்கினார். ஆறாம் வகுப்புப் பிள்ளை லகாஷ் நகரத்து அரசனாக உட்கார்ந்து, விளைந்த தானியத்தில் மக்களுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, கிடங்கில் எவ்வளவு என்று முடிவெடுக்க வேண்டும். கணினி பதிலாகத் தருவது அச்சடித்த எழுத்தும் எண்ணும்தான். அங்கிருந்து 1979இல் புரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் 2 கணினிக்குச் செய்த ஃபிளைட் சிமுலேட்டர், 1989இல் ஊரைக் கட்டி ஆளும் வில் ரைட்டின் சிம்சிட்டி, 1996இல் ஜப்பானில் வந்த, பண்ணை நடத்தும் ஹார்வெஸ்ட் மூன், 2000இல் குடும்பம் நடத்தும் த சிம்ஸ், 2008இல் ஃபார்மிங் சிமுலேட்டர், 2014இல் ஒரு ஆடு ஊரையே முட்டித் தள்ளும் கோட் சிமுலேட்டர் வரை வருகிறது. விமானம், ஊர், குடும்பம், வயல், ஆடு எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே சொல் வேண்டும்.

இப்போது வரைவில் ஓரிடத்தில் பாவனை, ஓரிடத்தில் உருவகப்படுத்தல், இன்னோரிடத்தில் போலச்செய்தல் என்று கிடக்கிறது. ஆசிரியர் குழு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டது. உதவுங்கள்.

கு., கோவை:

அக்கா, சிமுலேஷன் என்றே வையுங்கள். படிக்கப்போகிற பிள்ளைகள் கையில் இருக்கும் போனில் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா ஓடிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் அரசுப் பேருந்து வண்ணத்திலும் ஆம்னி பஸ் வண்ணத்திலும் லிவரி (வண்டியின் மேல்பூச்சு) செய்து அவர்களே பகிர்ந்துகொள்கிறார்கள். ஹாரன் சத்தத்தை மாற்றக்கூட மோட் என்கிற இணைப்பு இருக்கிறது. அந்தப் பையனிடம் போய் "பேருந்துப் பாவனை" என்றால் அவனுக்கு ஒன்றும் புரியாது, "சிமுலேட்டர்" என்றால் உடனே நிமிர்வான்.

ஜப்பான்காரர்களே இந்த வகையைச் சிமுலேஷன் என்றுதான் தங்கள் எழுத்தில் எழுதுகிறார்கள், அதுவும் நம்மைவிட விரிந்த பொருளில், போர்த்தந்திர விளையாட்டுகளையும் சேர்த்து. அவர்கள் மொழி அதனால் தேய்ந்துவிடவில்லை.

ந., டொராண்டோ:

வணக்கம் சகோதரி. பாவனை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் படித்து வளர்ந்தவன். எங்களுக்குப் பாவனை என்றால் உபயோகம். நீர்ப் பாவனை, மின்சாரப் பாவனை, பாவனையாளர் என்று பத்திரிகையிலும் பாடப்புத்தகத்திலும் அதுதான் வழக்கு. "விமானப் பாவனை விளையாட்டு" என்று போட்டால் ஏதோ விமானத்தை உபயோகித்து விளையாடுவதாக விளங்கும். கொஞ்சம் பழசான பொருளைக் கூடப் "பாவித்தது" என்றுதான் கதைப்போம்.

இதழ் தமிழ்நாட்டில் மட்டும் வாசிக்கப்படுவது என்றால் பரவாயில்லை. இணையத்திலும் போடுவீர்கள் என்றால் எங்கள் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இரா., தஞ்சாவூர்:

ச. அம்மாவுக்கு வாழ்த்துகள். நல்ல வேலை செய்கிறீர்கள். கு. தம்பியின் கருத்தை நான் ஏற்க மாட்டேன், காரணம் சொல்கிறேன்.

ஒன்று இன்னொன்றைப் போல இருப்பதை நம்மைவிட நுணுக்கமாக ஆராய்ந்த மொழி குறைவு. தொல்காப்பியர் உவமையை வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று நான்காகப் பிரித்தார். சுமேரிய விளையாட்டில் உரு இல்லை, மெய் இல்லை. தானியம் குறைந்தால் மக்கள் சாகிறார்கள் என்ற வினையும் பயனும்தான் ஒத்திருக்கின்றன. விமான விளையாட்டில் மெய்யும் உருவும் சேர்கின்றன. ஆகவே இந்த வகை முழுவதற்கும் அடிப்படை வினையுவமம். உருவகப்படுத்தல் என்பது இலக்கணப்படியே பிழை. உருவகத்தில் உவமையும் பொருளும் வேறுபாடற்று ஒன்றாகிவிடும். சிம்சிட்டியை ஆடுகிறவர் யாரும் அதுவே நகரம் என்று கொள்வதில்லை.

இனி நன்னூலார் தரும் உவம உருபுகளை எடுத்துக்கொள்வோம்: போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன. பன்னிரண்டு வேர்கள் கையில் இருக்கும்போது ஏன் கடன் வாங்க வேண்டும்? புரை என்றால் இன்று குற்றமும் கண்ணில் வரும் நோயும் நினைவுக்கு வரும், விடுவோம். கடுப்பு வேண்டாம். மானி என்று ஆக்கினால் வெப்பமானியோடு குழம்பும். ஏய்ப்பு அருமையான சொல், ஒத்திருத்தல் என்ற பொருள் போய் ஏமாற்றுதல் மட்டும் தங்கிவிட்டது, அதுவும் ஒரு வரலாறுதான், ஒத்திருப்பது ஏமாற்றும் என்று மக்கள் கண்டிருக்கிறார்கள். நிகர் என்பதை, விர்ச்சுவலுக்கு வந்த மெய்நிகர் எடுத்துக்கொண்டது. மிஞ்சுவது போல். "போலி" என்றதும் கள்ளநோட்டை நினைக்காதீர்கள். முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்கிறோமே, நிலம் என்பதும் நிலன் என்பதும் பொருள் மாறாமல் ஒன்றின் இடத்தில் ஒன்று நிற்கின்றன. அந்தப் பொருளில் போலி விளையாட்டு என்பது குற்றமற்ற சொல்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியனுக்குச் சொன்னது இந்த மேபெல் அம்மையாரின் விளையாட்டேதான். காய்நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மாவுக்குக் குறைந்த நிலமும் யானைக்குப் பல நாள் வரும், யானை தானே புகுந்தால் நூறு செறு (வயல்) இருந்தாலும் வாயில் போவதைவிடக் காலில் அழிவது பெரிது. வரி வாங்குகிற அரசன்தான் அந்த யானை, வரி விகிதத்தை ஏற்றி இறக்கிப் பார்க்கிற கணக்கு. கட்டுரையில் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேருங்கள்.

கு., கோவை:

ஐயா, வணக்கம். போலி விளையாட்டு என்று அட்டையில் போட்டால் பிள்ளைகள் மட்டுமில்லை, பெற்றோரும் திருட்டுப் பிரதி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கடைப்போலி படித்தவர்களுக்கு மட்டும் சரியாகப் புரிகிற சொல்லை எட்டாம் வகுப்புப் பையனிடம் கொடுத்தால் அவன் திரும்ப ஆங்கிலத்துக்குத்தான் போவான். எனக்குத் தமிழ்ச் சொல் வரக் கூடாது என்றில்லை. அவன் வாயில் நிற்கிற சொல்லாக வர வேண்டும்.

வே., திருச்சி:

பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் பாடம் நடத்துகிறேன், அதனால் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். இது விளையாட்டோடு முடிகிற சொல் இல்லை. 1929இல் எட்வின் லிங்க் தன் அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலையில் பழகிய துருத்தி நுட்பத்தை வைத்து, தரையிலேயே நின்று சாய்ந்தும் திரும்பியும் விமானிக்குப் பயிற்சி தரும் பெட்டி செய்தார். அதுவும் சிமுலேட்டர். ஜே ஃபாரஸ்டர் 1969இல் ஒரு நகரத்தின் வளர்ச்சியையும் தேய்வையும் சமன்பாடுகளாக எழுதி ஓட்டினார். அதுவும் சிமுலேஷன். வில் ரைட் 1984இல் ஒரு குண்டுவீச்சு விளையாட்டுக்காகத் தீவுகளை வரையும் கருவி செய்தபோது, குண்டு போடுவதைவிட ஊரை வரைவது பிடித்துப்போய், ஃபாரஸ்டரைப் படித்து, அதன்மேல்தான் சிம்சிட்டியைக் கட்டினார். விளையாட்டுக்கு ஒரு சொல், ஆய்வுக்கூடத்துக்கு வேறு சொல் என்று வைத்தால் இந்தத் தொடர்ச்சி பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகும்.

தோற்றத்தில் ஒத்திருப்பதை நாங்கள் சிமுலேஷன் என்பதில்லை. விதிகளால் ஆன ஒரு மாதிரி இருக்கிறது, அதைக் காலத்தில் ஓடவிடுகிறோம். ஓடவிடுவதுதான் உயிர். வரைபடமும் மாதிரிதான், ஆனால் அது ஓடாது. எமுலேட்டர் வேறு, ஒரு பொறி இன்னொரு பொறியாகவே நடந்து அதே விடையைத் தர வேண்டும். போல், ஒப்பு, நிகர் எதை எடுத்தாலும் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். இரா. ஐயாவின் வினையுவமம் கருத்து எனக்கு மிகப் பிடித்திருக்கிறது, ஆனால் சொல்லில் ஓட்டம் வேண்டும். வெள்ளோட்டம் எப்படி?

ந., டொராண்டோ:

வெள்ளோட்டம் அழகு. ஆனால் தேரை வெள்ளோட்டம் விட்டால் பிறகு அதே தேர்தான் திருவிழாவில் ஓடும். இங்கே பிறகு ஒன்றும் வராது. மென்பொருளில் சோதனைக்கு விடும் பீட்டா பதிப்புக்கும் பலர் அதைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

ஒத்திகை என்று ஒன்று இருக்கிறதே? சுனாமி ஒத்திகை, தீயணைப்பு ஒத்திகை எல்லோருக்கும் விளங்கும், இரு நாட்டிலும் ஒரே பொருள்.

ச., சென்னை:

ந. அண்ணா, ஒத்திகையை வரைவில் போட்டுப் பார்த்தேன். "விமான ஒத்திகை விளையாட்டு" நன்றாக உட்காருகிறது, லிங்க் பெட்டிக்கு இன்னும் நன்றாக. "குடும்ப ஒத்திகை", "வயல் ஒத்திகை" என்று வரும்போது உதைக்கிறது. ஹார்வெஸ்ட் மூனில் முள்ளங்கி நடுகிறவர் நாளை நிஜ வயலுக்குப் போகப்போவதில்லை, அந்த வாழ்க்கை அவருக்கு அங்கேயே முழுசாகக் கிடைக்கிறது. அதற்குப் பெயரே ஜப்பானிய மொழியில் "பண்ணைக் கதை" என்கிற பொருளில்தான் இருக்கிறது.

இரா., தஞ்சாவூர்:

பண்ணைக் கதை! பார்த்தீர்களா, அவர்கள் வகைப்பெயரைக் கடன் வாங்கினாலும் விளையாட்டுக்குத் தங்கள் சொல்லில் பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கும் இருக்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். மணலில் வீடு கட்டுவது சிற்றில், அதையே சமைக்கிற விளையாட்டாக ஆக்கினால் சிறுசோறு. பட்டினப்பாலையில் பிள்ளைகள் குதிரை இல்லாமல் உருட்டும் முக்காற் சிறுதேர் (மூன்று சக்கரச் சிறுதேர்) வருகிறது. இன்றைக்குப் பையன் ஓட்டும் பஸ் அதுதான். "சிறு" என்ற முன்னொட்டே நாம் தேடுகிற சொல். சிற்றூர், சிறுதேர், சிறுவயல் என்று விளையாட்டுக்கு ஏற்ப மாறிக்கொள்ளும். சிம்சிட்டியில் பூகம்பத்தையும் பூதத்தையும் ஏவி ஊரை அழிக்கலாம் என்கிறார்களே, அது சிற்றில் சிதைத்தல். கலித்தொகையில் மணற்சிற்றிலைக் காலால் சிதைத்த பட்டி என்கிற குறும்பன் இப்போதும் இருக்கிறான்.

கு., கோவை:

ஐயா, இது உண்மையிலேயே அழகாக இருக்கிறது, கட்டுரையில் கட்டாயம் வர வேண்டும். ஆனால் சிற்றூர் என்றால் கிராமம் என்றுதானே படிப்பார்கள். சிறுவயலும் ஊர்ப்பெயராகத்தான் தெரியும்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. சின்னப் பிள்ளைகள் சொப்பு வைத்து விளையாடும்போது "நீ டீச்சர் மாதிரி, நான் டிரைவர் மாதிரி" என்பார்கள். வே. சார் சொன்ன மாடலுக்கும் மாதிரி, பேச்சில் போல என்பதற்கும் மாதிரி. இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. மாதிரி விளையாட்டு?

வே., திருச்சி:

தம்பி, அருமை. ஒரே தடை, மாதிரி வினாத்தாள் மாதிரிப் படிவம் என்ற வரிசையில் அது டெமோ கேம் ஆகிவிடும். இயங்கு என்று முன்னால் சேருங்கள், இயங்குமாதிரி. விளையாட்டு என்றால் இயங்குமாதிரி விளையாட்டு. சிமுலேட்டர் என்றால் விமான இயங்குமாதிரி, பேருந்து இயங்குமாதிரி. வினையாக வேண்டும்போது "மாதிரியை இயக்கிப் பார்த்தனர்" என்று பிரித்து எழுதலாம். வகுப்பிலும் இதைச் சொல்ல முடியும்.

ந., டொராண்டோ:

எனக்குச் சம்மதம். கொஞ்சம் நீளம், ஆனால் இரு பக்கமும் விளங்கும்.

இரா., தஞ்சாவூர்:

எனக்குச் சம்மதம் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். மாதிரி என்பதன் வேர் தமிழ் என்று யாராவது காட்டினால் ஒப்புக்கொள்வேன். மாதிரம் என்று சங்க இலக்கியத்தில் திசைக்கும் வானத்துக்கும் ஒரு சொல் உண்டு, அதோடு இதற்குத் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேர் ஒருபுறம் இருக்கட்டும், மூன்று சொல் சேர்ந்த தொகையைப் பிள்ளை வாய் தாங்காது, சுருக்கத்தான் செய்யும், சுருக்கினால் மறுபடியும் மாதிரி விளையாட்டு. சிறுதேர் அப்படியே நிற்கும்.

ச., சென்னை:

எல்லோருக்கும் நன்றி. இயங்குமாதிரி விளையாட்டு என்று கட்டுரை முழுக்க மாற்றிவிட்டேன், முதலில் வரும் இடத்தில் மட்டும் "சிமுலேஷன் என்று நீங்கள் அறிந்த" என்று சேர்த்திருக்கிறேன், கு. தம்பி சொன்ன பையனுக்காக. லிங்க் பெட்டியை ஒத்திகைப் பெட்டி என்றே விட்டேன், அங்கே அதுதான் பொருத்தம். இரா. ஐயா, சிற்றிலும் முக்காற் சிறுதேரும் யானையும் பெட்டிச் செய்தியில் வருகின்றன. தலைப்புக்கும் "சிறுதேர்" கேட்டிருக்கிறேன், ஆசிரியர் குழு இன்னும் பதில் சொல்லவில்லை.

இன்னொரு சின்ன உதவி. ரெயில்ரோட் டைகூன், ரோலர்கோஸ்டர் டைகூன் என்று ஒரு பத்தி இருக்கிறது. பெரும் முதலாளி என்ற பொருளில் வரும் டைகூனை அதிபர் என்று போட்டால் குடியரசுத் தலைவர் என்று எடுத்துக்கொள்வார்களோ?

ந., டொராண்டோ:

எடுப்பார்கள். இலங்கையில் அதிபர் என்றால் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர்.

இரா., தஞ்சாவூர்:

டைகூனே ஜப்பானியச் சொல், ஆங்கிலம் வாங்கி வைத்துக்கொண்டது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் தந்தை மாநாய்கன், கோவலனின் தந்தை மாசாத்துவான். ஒருவர் கடல் வணிகர், மற்றவர் தரைவழிச் சாத்து (வணிகக் கூட்டம்) நடத்தியவர். இருப்புப்பாதைக்கு மாசாத்துவான்தான் சரி. ரோலர்கோஸ்டருக்கு நாளைக் காலைக்குள் எழுதுகிறேன்.