பிடித்த பத்துப் படங்கள்: நாயகனுக்கு ஆறாம் இடமா?

ரீல்பெட்டி:
ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், இதோ என் பத்து. முதலிலேயே விதியைச் சொல்லிவிடுகிறேன். இது 'சிறந்த' படங்களின் பட்டியல் இல்லை. சேனல் மாற்றிக்கொண்டே போகும்போது, படம் எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன் இல்லையா, அந்தப் படங்கள்.

1. மைக்கேல் மதன காமராஜன் (1990). சாம்பாரில் மீன் விழுந்து காமேஸ்வரன் தவிக்கிற காட்சிக்கு இன்றும் வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். கிரேஸி மோகன் ஒரு வரிக்குள் இன்னொரு வரியை ஒளித்து வைத்திருப்பார். முப்பது தடவை பார்த்தும் புதிதாக ஒன்று மாட்டுகிறது.
2. முள்ளும் மலரும் (1978)
3. தில்லானா மோகனாம்பாள் (1968). நாதஸ்வரம் வாசித்தது எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜியின் கன்னத்தையும் விரலையும் பார்த்தால் அதை நம்ப மனசு வராது.
4. காதலிக்க நேரமில்லை (1964). நாகேஷ் கதை சொல்ல, பாலையா பயப்படுகிற அந்த ஒரு காட்சிக்கே.
5. பாட்ஷா (1995). அடிபம்புக்கு முன்னால் சேனல் மாற்றுகிறவன் தமிழனா?
6. நாயகன் (1987)
7. காக்கா முட்டை (2015)
8. ஜிகர்தண்டா (2014)
9. கில்லி (2004)
10. பரியேறும் பெருமாள் (2018)

அடிக்க வருகிறவர்கள் வரிசையில் வரவும்.

இரண்டாம்ஆட்டம்:
தம்பி, நாயகன் ஆறு, பாட்ஷா ஐந்து. இதைத் தட்டச்சு செய்யும்போது கை நடுங்கவில்லையா? "நாளைக்குக் கணக்குப் பரீட்சை" என்று அந்தப் பெண் சொன்னதும் கமல் முகம் மாறுகிற இடம் ஒன்று போதும். சரண்யாவுக்கு அதுதான் முதல் படம் என்றால் யாராவது நம்புவார்களா? தாராவியைச் சென்னையில் செட் போட்டு நம் கண்ணைக் கட்டினார் தோட்டா தரணி, அதற்குத் தேசிய விருது. பி.சி.ஸ்ரீராமுக்கு விருது. கமலுக்கு விருது.

ஆனால் என் சண்டை ஆறாம் இடத்தோடு இல்லை, உன் விதியோடு. திரும்பத் திரும்பப் பார்க்கிற படம்தான் பிடித்த படம் என்றால், ஒரே ஒரு தடவை பார்த்து, மறுபடி பார்க்கத் தைரியம் வராத படத்தை எங்கே வைப்பாய்? உதிரிப்பூக்கள் எங்கே? வீடு எங்கே?

ரீல்பெட்டி:
//மறுபடி பார்க்கத் தைரியம் வராத படத்தை எங்கே வைப்பாய்?//
மரியாதைக்குரிய படங்கள் என்று தனியாக ஒரு பட்டியல் போட்டு அதில் வைப்பேன் சார். மரியாதை வேறு, பிடித்தம் வேறு. பெரியப்பாவிடம் மரியாதை உண்டு, அதற்காக அவரோடு டூர் போவேனா?

மீனாட்சி_மதுரை:
பெரியப்பா உதாரணம் நன்றாக இருக்கிறது. ஆனால் நான் வந்தது இரண்டாம் இடத்துக்காக. முள்ளும் மலரும் படத்தை அண்ணன்-தங்கை பாசம் என்று எல்லாரும் உருகுகிறீர்கள். கடைசிக் காட்சியை ஒரு தடவை வள்ளி பக்கத்தில் நின்று பாருங்கள். அண்ணிகாரி மங்காவிலிருந்து ஊரே அவளோடு கல்யாணத்துக்கு நடந்து போகிறது. காளி தனியாக நிற்கிறான். அவள் எல்லாரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள். அதன் பிறகுதான், அவனாகப் பார்த்துக் கையைப் பிடித்துக் கொடுத்த பிறகுதான், அவளுக்குக் கல்யாணம். அவ்வளவு ஆசை வைத்த தங்கச்சியிடம் "உனக்கு அவரைப் பிடிச்சிருக்கா" என்று படம் முழுக்க எப்போதாவது உட்கார்ந்து கேட்கிறானா? அவன் வீம்புக்குக் கைத்தட்டல், அவளுக்குக் கண்ணீர். இதை எத்தனை தடவை ரிமோட்டைக் கீழே வைத்துப் பார்த்தீர்கள்?

ரீல்பெட்டி:
அக்கா, படம் காளி பக்கம் நிற்கிறது என்று யார் சொன்னது? வின்ச் ஆபரேட்டர் வேலை போகிறது, குடித்துவிட்டு லாரியில் அடிபட்டு ஒரு கை போகிறது, கடைசியில் பொண்டாட்டியும் எதிரணியில். இவ்வளவு அடியை மகேந்திரன் தன் கதாநாயகனுக்குக் கொடுத்திருக்கிறார், அதுவும் இயக்கிய முதல் படத்திலேயே. கடைசியில் காளி கேட்டது அனுமதி கொடுக்கிற அதிகாரம் இல்லை, தங்கச்சி தன்னை விட்டுப் போகவில்லை என்கிற ஒரு சேதி மட்டும்தான். அது கிடைத்ததும் விட்டுக்கொடுத்துவிடுகிறான். அப்போதும் மாப்பிள்ளை இன்ஜினியரைப் பார்த்து இப்பவும் எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்கிறானே, அந்த நேர்மை பிடித்துத்தான் இரண்டாம் இடம்.

மீனாட்சி_மதுரை:
அந்தச் சேதியைக் கொடுக்க அவள் கல்யாணத்தைப் பாதி வழியில் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. அதைத்தான் சொல்கிறேன். காளி நேர்மையானவன்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. செலவு யாருடையது என்று பாருங்கள்.

வாலிபன்73:
எம்ஜிஆர் படம் ஒன்றுகூட இல்லாத பட்டியலை நான் படிப்பதில்லை. உலகம் சுற்றும் வாலிபனுக்கு இடம் ஒதுக்கிவிட்டுக் கூப்பிடவும். வணக்கம்.

தாமிரபரணி:
அண்ணே, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பத்தாவது இடம். எந்த இடத்தில் ஓடினாலும் உட்கார்ந்துவிடுவேன் என்று விதி போட்டிருக்கிறீர்கள். நாய் கறுப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டிருக்கிற இடத்தில் ஓடினாலுமா? பரியனோட அப்பாவை வேட்டியை உருவி ஓடவிடுகிற இடத்திலுமா? நான் திருநெல்வேலிக்காரன். அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்ததோடு சரி. டிவியில் வந்தால் எங்கள் வீட்டில் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பொய் சொல்லாமல் பதில் சொல்லுங்கள்.

ரீல்பெட்டி:
(ஒரு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.)

தம்பி, மாட்டிக்கொண்டேன். கறுப்பி வருகிற இடத்தில் சேனலை மாற்றிவிடுவேன். அப்பா காட்சியிலும்தான். கடைசியில் அந்தப் பெண்ணின் அப்பா வந்து பேசுகிற இடம், அப்புறம் இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ, அங்கே வந்தால் மட்டும் நிறுத்துவேன். என் விதிப்படி அந்தப் படம் உள்ளே வந்திருக்கவே கூடாது. ஆனால் அதை விட்டுவிட்டுப் பத்து படம் எழுத மனசு வரவில்லை.

இரண்டாம்ஆட்டம்:
இதற்குத்தான் காத்திருந்தேன். விதியை மீறி ஒரு படம் வரலாம் என்றால் வீடு ஏன் வரக்கூடாது? பதில் சொல்லு.

ரீல்பெட்டி:
உண்மையைச் சொன்னால் அடிக்க மாட்டீர்களே? நான் வீடு பார்த்ததில்லை.

மீனாட்சி_மதுரை:
ஐயோ.

வாலிபன்73:
இதைப் படிக்கத்தான் திரும்பி வந்தேன்.

இரண்டாம்ஆட்டம்:
பார்க்காத படத்தை மரியாதைப் பட்டியலில் வைத்தாயே, அந்த மரியாதை எங்கிருந்து வந்தது தம்பி? பெரியவர்கள் சொல்லக் கேட்டதா?

சரி, சொல்கிறேன். நாயகனுக்காகக் கமல் சிறந்த நடிகருக்கான தேசிய விருது வாங்கிய அதே ஆண்டில், சிறந்த நடிகை விருது வீடு படத்துக்காக அர்ச்சனாவுக்கு. பாலு மகேந்திரா இயக்கம். உன் இரண்டாம் இடத்துப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தாரே, அவரேதான். ஒரு பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. வேலைக்குப் போகிற ஒரு பெண், தாத்தா, தங்கச்சி, கொஞ்சம் நிலம், கடன். அவ்வளவுதான் கதை.

நான் அதைத் தூர்தர்ஷனில் பார்த்தேன். அடுத்த சில வருடங்களில் எங்கள் அப்பா வீடு கட்ட ஆரம்பித்தார். கான்ட்ராக்டர் ஒருவர், பெயர் வேண்டாம், சிமென்ட் மூட்டையில் கை வைத்தார். லிண்டல் மட்டத்தில் வேலை நின்றுபோனது. அப்பா தினமும் சாயங்காலம் சைக்கிளில் போய் அந்தச் சுவருக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வருவார். வேலை நடக்காத சுவருக்கு எதற்கு அப்பா தண்ணீர் என்று கேட்டதற்கு, "காயாம இருக்கட்டும்டா" என்றார். படத்தில் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டின சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். இன்றைக்கு அந்தப் படம் ஓடினால் எனக்கு அது பாகவதர் கை இல்லை. அதனால்தான் பார்ப்பதில்லை. ஆனால் பிடித்த படம் எது என்று நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் வீடு என்றுதான் சொல்வேன்.

தாமிரபரணி:
சார், வீடு முடிந்ததா?

இரண்டாம்ஆட்டம்:
முடிந்தது தம்பி. நான்கு வருடம் ஆச்சு. மாடிப்படிக்குக் கைப்பிடி மட்டும் இன்னும் இல்லை.

ரீல்பெட்டி:
நேற்று ராத்திரி வீடு பார்த்தேன் சார். மொபைலில்தான், பெரிய திரையில் கிடைக்கவில்லை. பாட்டே இல்லாத படத்தில் இளையராஜா இவ்வளவு செய்திருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. கட்டி முடிக்கப் போகிற நேரத்தில், அந்த நிலத்தையே குடிநீர் வாரியம் எடுத்துவிட்டது என்று சொல்கிறார்களே, அங்கே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து மீதியைப் பார்த்தேன்.

பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை, கோபப்படாதீர்கள். மறுபடி பார்ப்பேனா என்று தெரியவில்லை, ஒரு நாள் பார்த்துவிட்டு இடம் கொடுப்பதும் சரியாகப் படவில்லை. ஆனால் கில்லியை எடுத்துவிட்டேன். ஒன்பதாம் இடம் இப்போது காலி. மைக்கேல் மதன காமராஜன் முதலிடத்தை விட்டு இறங்காது, அதில் பேச்சே இல்லை.

இரண்டாம்ஆட்டம்:
காலி இடம் போதும். நாயகன் விஷயத்தை அடுத்த வாரம் பேசிக்கொள்வோம்.

வாலிபன்73:
ஒன்பதாம் இடம் காலி என்று பார்த்தேன். என் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது.

மீனாட்சி_மதுரை:
எல்லாரும் வீட்டைக் கட்டி முடித்துவிட்டீர்கள். வள்ளி விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

ரீல்பெட்டி:
மறக்கவில்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போடப் போகிறேன். இந்தத் தடவை காளியைப் பார்க்காமல் அந்தப் பெண்ணை மட்டும் பார்க்க முடிகிறதா என்று பார்க்கிறேன். ஷோபா நடித்திருக்கிறார், அது ஒன்றும் கஷ்டமாக இருக்காது.