தூத்துவதும் தொண்டும்: உழவாரப் பணிக்கு எதற்கு ஆன்மிகம்?

தும்பைப்பூ:
போன ஞாயிற்றுக்கிழமை தக்கலைப் பக்கம் ஒரு சின்ன சிவன் கோயிலில் எங்கள் குழு உழவாரப் பணி செய்தது, அதாவது கோயிலைத் தூத்துப் பெருக்கிச் சுத்தம் செய்கிற தொண்டு. பிராகாரத்துப் புல்லைச் செதுக்கி, விளக்குமாடத்தில் வருஷக்கணக்காகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. வீட்டில் படங்களைக் காட்டினால் மைத்துனர் ஒரே போடாகப் போட்டார்: "தூத்துறது நல்ல காரியம்தான். அதுக்கு எதுக்கு ஆன்மிகம்னு பேரு?" எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்கு வருகிறதா?

வேளிமலை:
பதில் அப்பரிடமே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் உழவாரப் படையோடு (புல் செதுக்கும் கருவி) ஊர் ஊராகப் போனவர். 'நிலைபெறுமா றெண்ணுதியேல் நெஞ்சே நீவா' என்று மனசைக் கோயிலுக்குள் கூட்டிப்போய், முதலில் அதற்குக் கொடுக்கிற வேலை 'புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கு மிட்டு', விடியுமுன் பெருக்கி மெழுகுவது. பூமாலையும் பாட்டும் அப்புறம்தான். திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. பருக்கைக் கல்லோடு சேர்த்து அதையும் வாரிக் குளத்தில் எறிந்தார். கல்லும் பொன்னும் ஒரே குப்பையாகத் தெரிகிற கண் வந்துவிட்டதே, அதுதான் ஐயா பலன். தரை சுத்தமானது கூடுதல் லாபம்.

கல்தூண்:
கதை அழகு. ஆனால் அண்ணாச்சி, தும்பைப்பூ சொல்கிற கோயிலில் தினமும் வாரியல் (துடைப்பம்) பிடிக்கிற ஒருவர் இருப்பாரே, அவருக்கு அந்தக் கண் வந்ததா என்று யாராவது கேட்டீர்களா? கூலி வாங்கினால் துப்புரவு, வாங்காவிட்டால் தொண்டு. இந்தக் கணக்குதான் எனக்குப் பிடிபடவில்லை.

என் அம்மா ஒரு கோயிலில் இருபது வருஷம் தூத்தித் தண்ணீர் தெளித்தாள். ஊர்ப் பேர் வேண்டாம். சம்பளம் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை வரும், அதுவும் நடையாக நடந்து கேட்டால். கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் வரும், தேவாரம் பாடும், படம் எடுக்கும், சாம்பார் சாதம் சாப்பிடும். மறுநாள் அந்த இலையையும் தண்ணீர் பாட்டிலையும் பொறுக்குவது அம்மா.

பிச்சிப்பூ:
கல்தூண் தம்பி, கோபம் நியாயம்தான். ஆனால் அப்பருக்கு முன்னாலேயே திருவதிகையில் வாரியல் பிடித்தது அவருடைய அக்கா என்பதை எல்லாரும் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். தம்பி சமணத்தில் பெரிய ஆளாக இருந்த காலமெல்லாம் திலகவதியார் விடியுமுன் அலகிட்டு மெழுகிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். சூலை நோயோடு தம்பி வந்து காலில் விழுந்தபோது திருநீறு கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். பதிகம் பாடியவருக்கு உழவாரத்தோடு சிலை வைத்தோம். அக்காவின் வாரியலை யார் செதுக்கி வைத்தார்கள்? உங்கள் அம்மா அந்த வரிசைதான்.

கல்தூண்:
வரிசையில் சேர்த்ததற்கு நன்றி அக்கா. அம்மா கேட்டது சம்பளம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கோயிலைக் கழுவுவது நம் அகந்தையைக் கழுவுவது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். இந்தக் குமரி மாவட்டத்தில் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1926-ல் சத்தியாகிரகம் இருக்க வேண்டியிருந்தது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 12-11-1936. அதற்கு முந்தி எங்கள் ஆட்கள் உள்ளே கால் வைத்தால் தீட்டு, உடனே சுத்தி செய்ய வேண்டும். நீங்கள் கழுவியது அகந்தையாக இருக்கலாம். அன்றைக்கு எங்கள் தாத்தாமார் விஷயத்தில் கழுவியது அவர்களுடைய காலடியை.

முட்டப்பதிக்காரன்:
அந்தப் பிரகடனத்துக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் முந்தியே இதற்கு இங்கே ஒரு பதில் நடந்தது. அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் 700 குடும்பங்களைத் துவையல் தவசுக்கு அனுப்பினார். முதலில் வாகைப்பதி, அப்புறம் எங்கள் முட்டப்பதி. கடற்கரையில் துணி துவைத்து, தினம் மூன்று வேளை குளித்து, ஒரு வேளை சாப்பிட்டு இருந்தார்கள். தீட்டு என்று தள்ளி வைக்கப்பட்டவர்கள், ஒரு போற்றியும் (கோயில் பூசாரி) வந்து தீர்த்தம் தெளிக்காமல், தங்கள் சுத்தத்தைத் தாங்களே கையில் எடுத்தார்கள். எங்கள் பதிகளில், அதாவது அய்யாவழிக் கோயில்களில், பள்ளியறையில் இருப்பது கண்ணாடி. துடைக்கிறவனுக்குத் தன் முகம்தான் தெரியும். (அய்யாவழி இந்து மதத்துக்கு உள்ளேயா வெளியேயா என்ற சண்டையைத் தயவுசெய்து இங்கே இழுக்க வேண்டாம், போன தடவை நாலு நாள் ஓடியது.)

வேளிமலை:
இதற்கு மறுப்பு சொல்ல மாட்டேன். ஆனால் துவையல் தவசுக்கு ஒரு அர்த்தம் உண்டென்றால் உழவாரத்துக்கும் உண்டுதானே? கூலி கொடுக்காதது நிர்வாகத்தின் குற்றம். அதை அப்பர் தலையில் கட்டாதீர்கள்.

செப்புப்பட்டயம்:
அர்த்தம் இருக்கட்டும், பிசுக்கை எதை வைத்துச் சுரண்டினீர்கள்? கம்பி பிரஷ், ஆசிட் என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறேன், நிறுத்துங்கள். கல்வெட்டு எழுத்தின் விளிம்பு ஒரு தடவை மழுங்கினால் போனதுதான். பக்தி கூடிப்போய்ச் சுவர் ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தவர்களும் உண்டு. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைப் பாருங்கள். 22 அடி நீளத் திருமேனி, கடுசர்க்கரை யோகம் (கல்லில் செதுக்காமல் கலவைப் பூச்சால் செய்தது), மூலவருக்கு நீராலே அபிஷேகமே கிடையாது. தண்ணீர் படாமல் காப்பதும் தொண்டுதான். எதைத் தொடக்கூடாது என்று தெரிந்த பிறகு வாரியலை எடுங்கள்.

தும்பைப்பூ:
கம்பி பிரஷ்தான். தப்புதான், இனிமேல் தேங்காய்த் தும்பு.

கல்தூண் கேட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று காலை அந்தக் கோயிலுக்குப் போனேன். அங்கே தினமும் தூத்துகிற பாட்டியிடம், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் செய்தது எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு மக்ளே. அந்த விளக்குமாடத்த இவ்ளோ நாளு நான் ஏன் விட்டு வச்சேன்னு ஒருத்தரும் கேக்கலியே?" என்றார். ஏன் பாட்டி என்றேன். "ஏணி இல்ல."

முப்பது பேர் போயிருந்தோம். ஏணி எங்களுடையது, வரும்போது வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறு ஏணி ஒன்று வாங்கிக் கொடுக்கப் போகிறோம். பாட்டியின் சம்பளம் பற்றியும் நிர்வாகத்திடம் பேச வேண்டும், எனக்கு அந்தப் பேச்சு வராது. கல்தூண், கூட வருவீர்களா?

கல்தூண்:
வருகிறேன். பாட்டு எல்லாம் பாட மாட்டேன். அந்த மாடம் எத்தனை அடி உயரம்?