தறிச் சத்தத்தில் மைக் போட்டு வேலரண்ட் ஆடுவது எப்படி?

சோமனூர்_நாடா:
எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். எல்லாம் பழைய நாடாத் தறி, ராத்திரி ஷிப்டிலும் ஓடும். நான் வேலரண்ட் என்கிற ஆன்லைன் துப்பாக்கி கேம் ஆட உட்கார்வதும் அந்நேரம்தான். டீமோடு பேசும் டிஸ்கார்ட் ஆப்பில் மைக்கைத் திறந்தால் டீமில் இருக்கும் திருப்பூர்ப் பசங்க, "ஏனுங்ணா, தறி ஓட்டறீங்களா, கேம் ஆடறீங்களா?" என்கிறார்கள். அதில் சத்தம் குறைக்கும் கிரிஸ்ப் போட்டால் சத்தம் அடங்குகிறது, ஆனால் என் பேச்சின் முதல் எழுத்தையும் விழுங்கிவிடுகிறது. மேப்பில் பி என்கிற இடத்தில் எதிராளிகளைப் பார்த்து "பி-ல மூணு பேர்" என்றால் "மூணு பேர்" மட்டும் போகிறது. எங்கே என்று தெரியாமல் எல்லோரும் சாகிறோம். காதில் இருப்பது ப்ளூடூத் இயர்பட்ஸ். தறியை நிறுத்தச் சொல்லாதீங்க, அப்பா என்னை நிறுத்திவிடுவார்.

பல்லடம்_பையன்:
புஷ் டு டாக், பட்டனை அமுக்கினால் மட்டும் மைக் திறக்கிற வசதி. வேற பேச்சே இல்லை.

காங்கேயம்_காளை:
அது பேசாத நேரத்துக்குத்தான் உதவும் தம்பி. பட்டனை அமுக்கியதும் தறியும் கூடவே வந்துவிடும்.

முதலில் இயர்பட்ஸைக் கழற்றுங்க. அதில் மைக் காதோரம் இருக்கிறது. போதாததற்கு, ப்ளூடூத்தில் மைக் ஓட ஆரம்பித்தால் கேட்கும் ஒலியும் போன் பேசும் தரத்துக்கு இறங்கிவிடும். எதிராளி எந்தப் பக்கம் நடக்கிறான் என்றே தெரியாது. வாய்வரை நீளும் மைக் உள்ள வயர் ஹெட்செட் வாங்கி, மைக்கை உதட்டோரம் இரண்டு விரல் தள்ளி வையுங்க. தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். தறி இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதனால் விண்டோஸில் மைக் அளவைத் தாராளமாகக் குறைக்கலாம். சூட்சுமம் அவ்வளவுதான்.

ஹெட்செட்டோடு வரும் மென்பொருளிலும் சத்தம் குறைக்கும் வசதி இருந்தால், அதையும் கிரிஸ்பையும் சேர்த்துப் போடாதீங்க. குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரி ஆகிவிடும்.

அப்புறம், இடத்தை இரண்டு தடவை சொல்லுங்க: "பி, பி, மூணு." வாண்டல் துப்பாக்கியில் உடம்பில் ஒரு குண்டுக்கு 40 டேமேஜ். இரண்டு பட்டிருந்தால் "80" போதும். "செம அடி மச்சி" எல்லாம் ரவுண்டு முடிந்த பிறகு.

கோபி_ராண்டம்:
இசட் அமுக்கி, டீமுக்கு இடத்தைக் குறித்துக் காட்டும் பிங் போடுங்க. தமிழ் தெரியாதவன் டீமில் விழுந்தாலும் புரியும்.

சோமனூர்_நாடா:
ஹெட்செட் கூலி வந்த பிறகுதான். அதுவரை தம்பியின் பழைய வயர் இயர்போன், மைக்கைச் சட்டைக் காலரில் குத்தியிருக்கிறேன். முதல் எழுத்து இப்போது போகிறதாம். பேசும் பட்டனை மௌஸ் ஓரத்துக்கு மாற்றியாச்சு. சரி, செத்த பிறகும் வாய் ஓயாத ஒருத்தர் எங்கள் டீமில் இருக்கிறார், வயதில் மூத்தவர் வேற. அவரை மியூட் போட்டால் அவருக்குத் தெரியுமாங்க?